பொய்ம்முடியின் மெய்வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, பொங்கலும் பூசையும் நிகழும் வைகாசி மாதத்து இரவுகளில், கோயில் முன்றிலிலே கூத்து ஆடுவது நெடுநாளைய வழக்கம். முல்லைமோடி என்று வழங்கும் எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் இன்றும் பலர் உளர். விடிவெள்ளி எழும் வேளையில் ஆட்டம் முடிந்து, கோவலனாக ஆடியவர் ஒப்பனைக் கொட்டகைக்குள்ளே வருவார். தோளிலே புரண்டுகொண்டிருந்த கருங்குஞ்சியை இரு கைகளாலும் பற்றிக் கழற்றுவார். அதனைக் கம்பொன்றிலே தொங்கவிட்டு, வியர்வை வழியும் தம் வழுக்கைத் தலையைத் துவாயினால் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் தேநீர் கேட்பார். தட்டி மறைவிலே எட்டிப் பார்த்து நிற்கும் சிறுவர்கள் சிரிப்பதில்லை. இரவு முழுவதும் தம்மைக் கலங்கவைத்த கோவலன் இவர்தாமா என்று வியப்பார்கள்; அவ்வளவே.

அதே முடியைச் சற்றே நறுக்கிச் சீவி, கந்தோரிலே வேலைபார்க்கும் ஒருவர் தம் வழுக்கையின்மேல் அணிந்து தெருவிலே நடப்பாராயின், சிறுவர் கிடக்கட்டும், பெரியவர்களே வாய்க்குள் சிரிப்பர். களரியிலே மதிப்புப் பெற்ற பொருள் கடைத்தெருவிலே நகைப்புக்கு இடமாவது ஏன்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போன்ற கேள்வியென்று நேயர்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், துணுக்காய்ப் பகுதியிலே நான் அதிபராக இருந்த பாடசாலைக்குக் கணித ஆசிரியராக ஓர் இளைஞர் நியமனம் பெற்று வந்தார். அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. தலைமுடி அழகாக இருந்தது. சற்று அளவுக்கு மிஞ்சிய அழகாகவே இருந்தது. மற்ற ஆசிரியர்கள் மாலையிலே குளத்துக்கு முழுகப் போகும்போது அவர் கூடப் போகமாட்டார். வெயிலிலே விளையாட்டுத் திடலில் நின்றால், நெற்றியோரத்தை அடிக்கடி விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வார். முதல் வாரம் முடியுமுன்னரே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்பிய ஆசிரியர் எவரும் இல்லை. ஆசிரியர் ஓய்வறையிலே ஒருவர் அதனைக் குறித்து ஒரு வேடிக்கை சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதிபர் சிரித்தமையால் அது மற்றவர்களுக்கும் அனுமதி ஆயிற்று.

அடுத்த வாரம் ஒரு நாட்காலை, மல்லாவிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளிலே வந்து இறங்கிய அவர், பிரார்த்தனைக்காக அணிவகுத்து நின்ற பிள்ளைகளின் முன்னிலையில் தலைக்கவசத்தைக் கழற்றினார். முடியும் அதனோடு வந்துவிட்டது. பாடசாலை முழுவதும் ஓவென்று சிரித்தது. அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடங்களில் முடியைச் செம்மையாக அணிந்துகொண்டு வந்து, முதலாம் பாடவேளைக்கு வகுப்பிலே நின்றார். அன்று மாலை என் அறைக்கு வந்தபோது, இடமாற்றக் கடிதத்தோடுதான் வருகிறார் என்று எண்ணி, ஆறுதல் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“சேர், இது ஆற்ற தலையில வளர்ந்த மயிர் எண்டு நீங்கள் யோசிச்சிருக்கிறியளோ? நான் ஒவ்வொரு நாள் காலமையும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு யோசிக்கிறனான்.”

அதற்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. சிரித்த குற்றத்துக்குக் கழுவாயாகவோ என்னவோ, கையில் அகப்பட்ட நூல்களையெல்லாம் புரட்டத் தொடங்கினேன். அவ்வாறு தேடியதன் பயனே இப்பேச்சு.

முதலிலே ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிர் என்னும் சொல்லை இக்காலத்தார் சிலர் சபையிலே சொல்லக் கூசுகின்றனர். வள்ளுவர் கூசவில்லை. மானம் என்னும் ஓர் அதிகாரத்துக்குள்ளேயே அவர் இருமுறை மயிரை உவமையாக எடுக்கிறார். தன் நிலையினின்றும் தாழ்ந்தவன் தலையினின்றும் வீழ்ந்த மயிருக்கு ஒப்பாவான் என்பது ஒன்று. மயிர் நீங்கினால் உயிர் தரியாத கவரிமா மற்றையது. மயிரையும் மானத்தையும் ஒருங்கே வைத்து எண்ணும் வழக்கம் தமிழரிடத்தே எத்துணைப் பழையது என்பதற்கு இது போதும். அந்தக் கவரியின் பெயரிலிருந்து வந்ததே சவரி என்னும் சொல். கவரிமாவின் வால்மயிருக்கு வழங்கிய பெயர், பெண்கள் கொண்டையிலே சேர்த்து முடியும் பொய்ம்மயிருக்கும் ஆயிற்று. கூத்துமேடையிலும் நாடகமேடையிலும் ஆடவர் அணிவதை டோப்பா என்கிறோம்.

தலையிலுள்ள மயிர்கள் ஏறக்குறைய 1,00,000 என்பர். நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. உதிர்ந்த இடத்திலே புதியது முளைக்கும். ஆடவர் பலருக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் முளைப்பது வரவர மெலிந்து, பின் முளையாது நின்றுவிடும். விதையடிக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்பதனைப் பண்டைக் கிரேக்கத்து மருத்துவர்களே கவனித்து எழுதிவைத்தனர். அதன் காரணம், ஆண்மைச் சுரப்பும் பரம்பரைப் பேறும் சேர்ந்து மயிர்க்கால்களைச் சிறுக்கச் செய்வதே என்பதனை 1942இல் அமெரிக்கராகிய ஜேம்ஸ் ஹமில்ற்றன் ஆய்வினால் காட்டினார். ஆக, வழுக்கை ஆண்மையின் குறைவன்று. இவ்வுண்மை வெளியாகி 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் கலியாணத் தரகர்கள் காதில் இன்னும் விழவில்லை.

அறியாத காலத்து மக்கள் மருந்து தேடி அலைந்தனர். கி.மு. 1550ஐ அண்டிய காலத்ததாகிய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைச் சேர்த்துத் தலையிலே பூசும்படி விதிக்கிறது. சிங்கத்தின் கொழுப்பை எடுக்கத் துணிந்தவனுக்கு வழுக்கை ஒரு பொருட்டாக இருந்திருக்குமா என்பது வேறு விடயம். அந்நாட்டுச் செல்வரோ தலையை மழித்துவிட்டுப் பொய்ம்முடி அணிந்தனர். மனித மயிரைப் பின்னித் தேன்மெழுகினால் படியவைத்துச் செய்த எகிப்திய முடிகள், ஆயிரமாயிரம் ஆண்டுகளின் பின்னும் குலையாமல் நூதனசாலைகளிலே இருக்கின்றன. அவை எல்லோரும் அறிய அணிந்தவை, மறைப்பதற்கு அணிந்தவையல்ல.

மறைப்பதற்காக அணிந்தவர்களைக் காணவேண்டுமாயின் ரோமாபுரிக்குச் செல்லவேண்டும். உலகை நடுங்கவைத்த யூலியஸ் சீசர் தம் வழுக்கையை எண்ணி வருந்தினார் என்றும், பின்னந்தலையிலிருந்த சொற்ப மயிரை முன்னோக்கி வாரி விட்டுக்கொண்டார் என்றும் சுவெற்றோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். ரோமானியர் அவருக்கு அளித்த விருதுகள் அனைத்துள்ளும், எந்நேரமும் வாகைமாலையைத் தலையிலே சூடிக்கொள்ளலாம் என்ற உரிமையையே அவர் பெரிதும் விரும்பி ஏற்றாராம். காரணம் சொல்லவேண்டுவதில்லை. பின்வந்த டொமிசியன் என்னும் பேரரசன், பிறிதொருவனுடைய வழுக்கையைக் கேலி செய்தாலும் தன்னையே இகழ்ந்ததாகச் சினந்தான். அவனே மயிரைப் பேணும் முறைபற்றி ஒரு நூலும் எழுதினான். தலையிலே மையினால் முடி வரைந்துகொண்ட ஒருவனைப் புலவன் மார்சியால் எள்ளி நகைத்தான். இவனுக்குச் சவரஞ்செய்யக் கத்தி வேண்டாம், பஞ்சு போதும் என்பது அவனது கேலி.

இவர்களுள் நம் கணித ஆசிரியருக்கு மிக அண்மையில் நிற்பவன் ஒதோ. கி.பி. 69இல் மூன்று மாதங்களே ஆண்டு, போரிலே தோற்றுத் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பேரரசன் இவன். தலைமயிர் அருகியிருந்தமையால் பொய்ம்முடி அணிந்தான். அது எவரும் கண்டுபிடியாதவாறு அத்துணைப் பொருத்தமாக அமைந்திருந்தது என்கிறார் சுவெற்றோனியஸ். எவரும் கண்டுபிடியாத முடி என்றால் வரலாற்றாசிரியர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பொய்ம்முடியின் இரகசியம் என்றுமே இப்படிப்பட்டதுதான், ஊரறிந்த இரகசியம். ஒதோவின் நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றிலே அவன் தலைமுடி அலையலையாக, ஓர் இழை பிசகாமல் படிந்து கிடப்பதைக் காணலாம். மூன்று மாத ஆட்சியிலே அவன் நிலையாக விட்டுச்சென்றவற்றுள் அதுவும் ஒன்று.

அந்த முடிகள் யாருடைய தலையில் வளர்ந்தவை? ரோமானியப் பெண்கள் விரும்பிய பொன்னிற முடி, போரிலே அடக்கப்பட்ட ஜேர்மானிய நாட்டிலிருந்து வந்தது என்பது ஒவிட் என்னும் புலவனின் பாடலொன்றால் தெரிகிறது. சாயம் பூசிப் பூசி மயிரை இழந்த காதலிக்கு, சிறைப்பட்ட நாட்டாரின் கூந்தல் வரும் என்று அவன் அரைகுறை ஆறுதல் சொல்கிறான். இதனைப் படித்தபோது எனக்குப் பதிற்றுப்பத்து நினைவுக்கு வந்தது. சேரன் செங்குட்டுவன், பழையனை வென்ற பின் அவன் மகளிரின் கூந்தலைக் களைந்து கயிறு திரித்தான் என்று அதன் ஐந்தாம் பத்தின் பதிகம் பேசுகிறது. பத்தினிக்குக் கல் எடுத்தவன் என நாம் போற்றும் அதே செங்குட்டுவன்தான். தோற்றவரின் கூந்தலை வென்றவர் எடுப்பது, அங்கும் இங்கும் ஒரே வகையாகத்தான் நடந்திருக்கிறது.

அடுத்துச் சொல்வது என்னைப் பெரிதும் வியக்கவைத்த செய்தி. கி.பி. 533இல் ஜஸ்ரீனியன் என்னும் பேரரசன் தொகுப்பித்த ரோமானியச் சட்டத்தொகுப்பிலே, கீழைத்தேசங்களிலிருந்து வந்த பண்டங்களுள் சுங்கவரிக்கு உரியவை எவை என்று ஒரு பழைய பட்டியல் உண்டு. அது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். கறுவா, திப்பிலி, மிளகு, யானைத்தந்தம், பட்டு, முத்து என நாம் எதிர்பார்க்கும் பண்டங்களின் நடுவே ‘இந்திய மயிர்’ என்று ஒரு பெயர் வருகிறது. யவனர் மரக்கலங்கள் முசிறியிலும் புகாரிலும் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட காலம் அது. எங்கள் வன்னிக்கு மேற்கே மாந்தைத் துறைமுகமும் அக்காலத்தே கடல்வாணிகத்தில் பெயர்பெற்றிருந்தது. எந்தத் துறையிலே எந்த ஊராரின் கூந்தல் ஏற்றப்பட்டது என்பதனை அப்பட்டியல் சொல்லவில்லை. ஆயினும், மேனாட்டார் தலைக்கு நம் பக்கத்து மயிர் போனது நேற்று இன்றைய செய்தியன்று என்பது உறுதி.

வழுக்கையை எண்ணி எல்லோரும் நாணினர் என்று கொள்ளலாகாது. ஏறக்குறைய கி.பி. 400இல் வடஆபிரிக்காவிலே வாழ்ந்த சினேசியஸ் என்னும் அறிஞர், கூந்தலைப் புகழ்ந்து முன்னொருவர் எழுதிய நூலுக்கு மறுப்பாக, வழுக்கையைப் புகழ்ந்தே ஒரு நூல் எழுதினார். வடமொழியிலே பர்த்ருஹரியோ வழுக்கைத் தலையன் ஒருவனை ஊழின் வலிக்கு எடுத்துக்காட்டாக்கினார். வெயில் தாளாமல் அவன் ஒரு மரத்தடிக்கு ஒதுங்க, மரத்திலிருந்து கனி வீழ்ந்து அவன் மண்டையை உடைக்கிறது. அம்மரம் வில்வம் என்றும் பனை என்றும் பாடபேதம் உண்டு. பனங்காய் விழும் ஓசையை அறிந்த நாங்கள் பனை என்ற பாடத்தையே ஏற்போம். விவிலியத்திலே எலிசா தீர்க்கதரிசியின் மொட்டைத் தலையைப் பழித்த சிறுவர் 42 பேரைக் கரடிகள் பீறிப்போட்டதாக வருகிறது. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு அக்கதை ஓரளவு ஆறுதல் அளிக்கலாம். அத்தண்டனையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி, பொய்ம்முடி அரசாண்ட காலத்துக்கு வருவோம். பிரான்சு தேசத்து மன்னன் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே முடியை இழந்தான். 1624இல் அவன் பொய்ம்முடி அணியத் தொடங்கினான். அப்போது அவனுக்கு 23 வயதே. அரசன் அணிந்ததை அரசவை அணிந்தது. அரசவை அணிந்ததை ஐரோப்பா அணிந்தது. அவன் மகன் பதினான்காம் லூயி காலத்திலே அது தோளையும் தாண்டி வளர்ந்தது. 1660இல் இங்கிலாந்தின் முடியை மீட்டுக்கொண்ட இரண்டாம் சாள்ஸ், தலைமுடி வழக்கத்தையும் பிரான்சிலிருந்து உடன் கொண்டுவந்தான். ஒருவனுடைய வழுக்கை ஒரு கண்டத்தின் நாகரிகமாயிற்று என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

இந்நாகரிகத்தின் தொடக்கத்தை இலண்டனிலிருந்து நமக்கு நேர்முகமாகச் சொல்பவர் சாமுவேல் பீப்ஸ் என்னும் நாட்குறிப்பாளர். 1663ஆம் ஆண்டு நவம்பரில் தம் சொந்த முடியை வெட்டிவிட்டுப் பொய்ம்முடி சூடி அவர் முதன்முறையாகக் கோயிலுக்குப் போனார். எல்லோரும் தம்மையே பார்ப்பார்கள் என்று அஞ்சிக்கொண்டு போனவர், எவருமே பொருட்படுத்தவில்லை என்பதைக் கண்டு வியந்து எழுதுகிறார். 1665இல் கொள்ளைநோய் இலண்டனை அழித்தபோது அவர் மீண்டும் அஞ்சினார். நோயில் இறந்தவர்களின் தலையில் வெட்டிய மயிராக இருக்குமோ என்ற பயத்தினால், இனி எவரும் முடி வாங்கத் துணியமாட்டாரே. இந்த நாகரிகம் என்னவாகும் என்று கேட்கிறார். நம் கணித ஆசிரியர் கேட்ட கேள்வியும் இதுதான். இலண்டன் மாநகரிலே அதனை எழுப்பியது மரணபயம்.

அந்நாகரிகம் நம் நாட்டுக்கும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வன்னியர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். 1736 முதல் 1740 வரை இலங்கையிலே தேசாதிபதியாக இருந்த வான் இம்ஹொவ் முதலாய பெருமக்களின் ஓவியங்களைப் பார்த்தால், வெண்ணிறப் பொய்ம்முடி அழகாகத் தொங்குவதைக் காணலாம். எங்கள் வெக்கையிலே அதனைச் சுமப்பதென்றால் அரசாங்கக் கடமையிலே எத்துணை ஈடுபாடு வேண்டும்! வழுக்கையோ முழுக்குடுமியோ உள்ளே இருந்தது எதுவாயினும் வெளியே எல்லோருக்கும் ஒரே முடி. ஆகவே அக்காலத்து வழுக்கையனை எவரும் சிரித்திருக்கமாட்டார்கள். கூத்துக் களரியின் நியாயம் அன்று உலகம் முழுவதற்கும் நியாயமாக இருந்தது.

அது அழிந்த கதை சிறியது. பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் முடியை மட்டுமன்றித் தலையையும் கொண்டுபோயிற்று. இங்கிலாந்திலே முடிக்கு இடும் வெண்தூளுக்கு, 1795இல் வில்லியம் பிற் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி வரி விதித்தார். வரிக்கு அஞ்சியவர்கள் தூளை விட்டார்கள். பின்னர் முடியையும் விட்டார்கள். வழக்கறிஞரும் நீதிபதிகளும் மாத்திரம் அதனை விடவில்லை. 1822இல் ரேவன்ஸ்குறொவ்ற் என்பவர், சுருட்டவும் தூளிடவும் வேண்டாத முடியைக் குதிரைமயிரினால் செய்து உரிமம் பெற்றார். இங்கிலாந்தின் குடியியல் நீதிமன்றங்களில் நீதிபதிகள் அதனைக் கைவிட்டது 2008இலேதான்.

எல்லோரும் தம் சொந்த முடியோடு நடக்கத் தொடங்கிய அந்நாளிலேதான் வழுக்கையனுடைய துன்பமும் தொடங்கியது. முன்னர் அவன் அணிந்தது உடை. இப்போது அணிந்தால் அது வேடம். ஆதலின் பொய்ம்முடி சிறுத்து, மெலிந்து, மெய்ம்முடிபோலத் தோன்றவேண்டியதாயிற்று. இதற்கெனவே ஒரு நுண்தொழில் வளர்ந்தது. சிலந்தி வலைபோன்ற மெல்லிய வலைத்துணியைத் தலையின் அளவுக்கு அமைப்பர். தூண்டில்போல் வளைந்த நுண்ணூசியினால் ஒவ்வொரு மயிராகவோ இரண்டிரண்டாகவோ வலைக்கண்ணிலே கோத்து முடிச்சிடுவர். ஒரு முடிக்கு ஆயிரமாயிரம் முடிச்சுகள், நாட்கணக்கான வேலை. மயிரின் மேற்பரப்பிலே மீனின் செதில்போலப் படலங்கள் உண்டு. வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறிக் கலந்துவிட்டால் அவை ஒன்றையொன்று பற்றிச் சிக்காகிவிடும். எனவே வெட்டும்போதே வேர் ஒரு பக்கமாகக் கட்டிவைத்த கூந்தலுக்கு விலை அதிகம். நெற்றியோரத்திலே மயிர் நெருங்கக் கூடாது. இயற்கை அங்கே சிக்கனமானது. பொய்ம்முடி காட்டிக்கொடுக்கும் இடம் பெரும்பாலும் அதுவே. குறைவாக வைப்பதிலேதான் கைவன்மை இருக்கிறது. நம் இளைஞர் சற்று மலிவான முடியை வாங்கியிருந்தார். அதிலே மயிர் மிஞ்சிவிட்டது.

இத்துணைக் கூந்தலுக்கும் எங்கே போவது? 19ஆம் நூற்றாண்டிலே பிரான்சின் பிரித்தானிப் பகுதிச் சந்தைகளிலே குடியானவப் பெண்கள் வரிசையாக இருந்து, ஒரு துண்டுத் துணிக்கும் கைக்குட்டைக்கும் தம் கூந்தலை விற்றனர். அவர்கள் தலையிலே எப்போதும் தொப்பி அணிவோராதலால் இழப்பு வெளியே தெரியவில்லை. பின்னர்ச் சீனக் கூந்தல் சந்தையை நிறைத்தது. 1960களின் நடுப்பகுதியிலே அமெரிக்க அரசாங்கம், பொதுவுடைமைச் சீனத்து மயிர் தன் நாட்டிலே நுழையலாகாது என்று தடைசெய்தது. மயிருக்கும் அரசியல் உண்டு போலும்! அத்தடையினால் தென்கொரியாவும் இந்தியாவும் இவ்வாணிகத்திலே முன்னுக்கு வந்தன. இந்தியாவிலே கூந்தல் குவிந்து கிடந்த இடங்கள் கோயில்கள்.

இங்கே ஒரு புராணக்கதையைச் சொல்லவேண்டும். திருவேங்கடமுடையான் புற்றினுள் இருந்த காலத்தே, இடையன் ஒருவன் ஓங்கிய கோடரி அவர் தலையிலே பட்டு, அவ்விடத்து முடி போய்விட்டதாம். அதனைக் கண்ட நீலாதேவி என்னும் நங்கை, இத்துணை அழகிய திருமுகத்துக்கு இக்குறையா என்று தன் கூந்தலின் ஒரு பகுதியை அரிந்து அவ்விடத்திலே பொருத்தினாள். மகிழ்ந்த பெருமான், இனி அடியார் தரும் முடியெல்லாம் உன்னையே சாரும் என்று வரமளித்து, ஏழு மலைகளுள் ஒன்றுக்கு நீலாத்திரி என்று அவள் பெயரையும் இட்டார். திருமலையிலே முடிகொடுக்கும் வழக்கத்துக்கு மக்கள் கூறும் காரணம் இது. கடவுளே தலையில் ஒரு வெறுமையைத் தாங்கி நின்றார். ஒரு பெண் தந்த முடியை ஏற்று அணிந்தார். பொய்ம்முடியை இதனினும் உயர்த்திப் பேசிய கதையை நான் வேறெங்கும் காணவில்லை.

திருமலையிலே கல்யாணகட்டா என்னும் மண்டபத்திலே இரவும் பகலும் முடி இறக்கப்படுகிறது. கூலி இல்லை. சேர்ந்த முடியை நீளத்துக்கு ஏற்ப வகைப்படுத்தித் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அவ்வருவாய் சில ஆண்டுகளிலே நூறு கோடி இந்திய ரூபாயையும் கடந்திருக்கிறது. பழனியிலும் பிற தலங்களிலும் இவ்வாறே. சாயமோ வெப்பமோ காணாமல் தேங்காயெண்ணெய் பூசி வளர்த்த கூந்தலாதலின் உலகச் சந்தையிலே அதற்கு மதிப்பு மிகுதி. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததற்காகவும் கணவன் கடல்கடந்து நலமாய்ச் சேர்ந்ததற்காகவும் நேர்ந்துகொண்டு கொடுத்த கூந்தல், பாரிசிலும் நியூயோர்க்கிலும் யாரோ ஒருவர் தலையிலே ஏறுகிறது. கொடுத்தவள் தன் அகந்தையைக் கொடுத்ததாக எண்ணுகிறாள். வாங்கியவர் தம் மானத்தை வாங்கியதாக எண்ணுகிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. 2004இல் இக்கொடுக்கல் வாங்கல் திடீரென வெளிச்சத்துக்கு வந்தது. மணமான யூதப் பெண்கள் தலையை மறைக்கப் பொய்ம்முடி அணிவதுண்டு. இந்துக் கோயிலிலே படைக்கப்பட்ட மயிர் பிற தெய்வத்துக்கான காணிக்கையாதலின் அதனை அணியலாகாது என்று எருசலேமிலே எலியாசிவ் என்னும் மதகுரு தீர்ப்பளித்தார். நியூயோர்க்கின் புறூக்ளின் தெருக்களிலே அம்முடிகளை அப்பெண்கள் குவித்துத் தீயிட்டனர். பீப்ஸ் நோயை அஞ்சிக் கேட்டார். அமெரிக்கா அரசியலை எண்ணிக் கேட்டது. இவர்கள் சமயத்தை எண்ணிக் கேட்டனர். கேள்வி ஒன்றே: இது யாருடைய முடி?

நம் காலத்துத் தமிழருக்கு இப்பொருளிலே இரண்டு முகங்கள் நன்கு தெரியும். நாவலப்பிட்டியிலே பிறந்து, 1977 முதல் 1987 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த எம். ஜி. இராமச்சந்திரனை வெண்ணிற மயிர்த்தொப்பி இன்றி மக்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அது வழுக்கையை மறைக்கவே என்று எல்லோரும் பேசினர். ஒருவரும் அதனால் அவரைக் குறைத்து மதித்ததில்லை. 1987 டிசம்பரில் அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோதும் அத்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் உடனிருந்தன. மற்றையவர் ரஜினிகாந்த். படத்திலே முடி பறக்க நடந்து வருகிறார். படம் முடிந்தபின் பொதுமேடைகளிலே வழுக்கையும் நரைத்தாடியுமாக நிற்கிறார். கூத்து முடிந்து முடியைக் கழற்றிவைக்கும் எங்கள் ஊர்க் கோவலனைப் போன்றவர் அவர். இருவருள் எவர் வழி சிறந்தது என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: புகழ்பெற்ற மனிதனுக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. துணுக்காய்ப் பாடசாலையொன்றிலே கணிதம் படிப்பிக்கும் இளைஞனுக்கு, பெண்பார்க்க வரச்சொல்லும் வீடுகளின் வாசலிலே, ஒரு வழியும் அத்துணை அகலமாகத் திறந்திருப்பதில்லை. புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடியிழந்தவர்களுக்காகக் கூந்தலைக் கொடையாகக் கொடுப்பவர்களை இன்று நாம் பாராட்டுகிறோம். அந்நோயாளர் அணியும் முடியை எவரும் பொய் என்று சொல்வதில்லை. காரணம் தெரிந்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. காரணம் கேளாமலே அடக்கிக்கொள்ள எனக்கு ஐம்பது வயது கடக்கவேண்டியிருந்தது.

அவ்வாசிரியர் எங்கள் பாடசாலையிலே முழுத்தவணைக்காலமும் இருந்தே சென்றார். அவருடைய மாணவர் கணிதத்திலே நன்றாகவே சித்தியெய்தினர். முடிபற்றி அதன்பின் அங்கே பேச்சு எழவில்லை. ஓய்வறையிலே ஒருமுறை எழுந்தபோது நான் வேறு கதையைத் தொடங்கினேன்.

பின்பொரு முறை தலயாத்திரையாகத் தென்னிந்தியா சென்றபோது திருமலைக்கும் போனேன். கல்யாணகட்டாவிலே வரிசையில் நின்று, ஈரத்தலையோடு குந்தியிருந்து, எஞ்சியிருந்த நரைமயிரைக் கொடுத்தேன். கத்தி நாலு தடவை ஓடியதும் வேலை முடிந்துவிட்டது. எனக்குப் பக்கத்திலே ஓர் இளம் பெண்ணின் முழங்கால்வரை நீண்ட கூந்தலை முடிச்சாகக் கட்டி அரிந்தார்கள். அவள் கண்களை மூடிக்கொண்டு எதையோ வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தனம் பூசிய தலையோடு வெளியே வந்து, அன்று மாலையே நம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நீர் முன்னர்க் கேட்ட கேள்விக்கு இப்போது பாதி விடை கண்டேன். என் பங்குக்கு நானும் கொஞ்சம் கொடுத்து வந்திருக்கிறேன் என்று எழுதினேன்.

மறுமொழி இரண்டு வரியில் வந்தது. என் பரிவுக்கு நன்றி கூறியிருந்தார். கணித ஆசிரியர் அல்லவா, நீளம் போதாது, சேர், என்றும் குறித்திருந்தார்.